கல்லூரிக் கட்டுரை எழுதுவது எப்படி? தாது வருடப் பஞ்சத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியில் எழுதிப் பழகிய கட்டுரைக்கு ஓர் அச்சு இருந்தது: குறிப்புச் சட்டகம், முன்னுரை, நாலைந்து உட்தலைப்புகள், முடிவுரை. தெரிந்ததையெல்லாம் அந்தந்தத் தலைப்பின்கீழ் நிரப்பினால் மதிப்பெண் வந்துவிடும். கல்லூரிக்கு வந்த பிறகும் பெரும்பாலான மாணவர்கள் அதே அச்சோடுதான் எழுத உட்காருகிறார்கள். பத்துப் பக்கம் உழைத்து எழுதிய தாள், 'விவரம் இருக்கிறது, வாதம் இல்லை' என்ற ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வருகிறது. அந்தக் குறிப்புக்கு என்ன பொருள் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

கல்லூரிக் கட்டுரை என்பது ஒரு கேள்விக்கு நீங்கள் தரும் பதில். அந்தப் பதிலை மறுக்க ஒருவரால் முடிய வேண்டும். மறுப்பவருக்கு நீங்கள் சான்று காட்டவும் முடிய வேண்டும். யாராலும் மறுக்க முடியாத ஒன்றைப் பத்துப் பக்கம் எழுதினால் அது தகவல் தொகுப்பு. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் ஒன்றும் பிடிபடாது. அதனால் வரலாற்றுத் துறை மாணவருக்கு வரக்கூடிய ஒரு தலைப்பையே கடைசிவரை எடுத்துக்கொள்வோம்: '1876–78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாக்கிய பஞ்சத்தின் காரணங்களை ஆராய்க.' நம் ஊர்ப் பேச்சில் தாது வருடப் பஞ்சம். பொருளியல், சமூகவியல், இலக்கியம் படிப்பவர்களுக்கும் இதே வழிமுறை பொருந்தும்.

முதல் படி: கேள்வியைப் படிப்பது

தலைப்பின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'விவரி' என்றால் நடந்ததைச் சொன்னால் போதும். 'விளக்குக' என்றால் ஏன், எப்படி என்று சொல்ல வேண்டும். 'ஒப்பிடுக' என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். 'ஆராய்க', 'மதிப்பிடுக' என்று வந்தால் உங்கள் தீர்ப்பு வேண்டும். நம் தலைப்பில் 'ஆராய்க' இருக்கிறது. மழை பொய்த்தது, விலை ஏறியது, மக்கள் மாண்டனர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்தினால் கேட்டதைச் செய்யவில்லை என்று பொருள். எந்தக் காரணம் எவ்வளவு எடை உள்ளது என்பதைச் சொல்ல வேண்டும்.

அடுத்து, தலைப்பைச் சுருக்க வேண்டும். நான் பார்த்தவரை மாணவர்கள் அதிகம் தவிர்ப்பதும் இதைத்தான், அதிகம் பலன் தருவதும் இதுதான். 'பஞ்சத்தின் காரணங்கள்' என்பதை இரண்டாயிரம் சொல்லில் யாராலும் முடிக்க முடியாது. இடத்தையோ காலத்தையோ குறுக்குங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பஞ்சத்தில் அப்படிச் சுருக்க ஓர் அருமையான இடம் இருக்கிறது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு, பஞ்ச நிலைமையை மேற்பார்வையிட ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். டெம்பிள் நிவாரண வேலைத்தளங்களில் கூலியைக் குறைத்தார்: ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியத்தோடு ஓர் அணா என்பது கணக்கு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். உடலுழைப்புச் செய்பவருக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். அந்த ஆண்டு மார்ச்சில் மதராஸ் அரசு அளவைச் சுமார் 570 கிராமாக உயர்த்தி, கொஞ்சம் பருப்பும் சேர்த்தது.

இப்போது கேள்வியை இப்படி மாற்றி எழுதலாம்: '1877இன் தொடக்க மாதங்களில் நிவாரணக் கூலியைக் குறைத்தது சென்னை மாகாணத்தில் சாவுகளை எவ்வளவு தூரம் கூட்டியது?' இதில் இடமும் காலமும் இருக்கின்றன, எதிரெதிராக நின்று வாதிட்ட இரண்டு மனிதர்களும் இருக்கிறார்கள். சான்று தேட ஒரு திசை கிடைத்துவிட்டது. சுருக்கிய கேள்வியை ஆசிரியரிடம் ஒருமுறை காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. பின்னால் 'தலைப்பை விட்டு விலகிவிட்டது' என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

இரண்டாம் படி: சான்று தேடுவதும் அதைச் சந்தேகிப்பதும்

விக்கிப்பீடியாவில் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அங்கேயே முடித்துவிடாதீர்கள். அதைப் படித்துப் பெயர்கள், ஆண்டுகள், அறிக்கைகள் இவற்றைக் குறித்துக்கொண்டு மூலத்தைத் தேடிப் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிக்கைகள் பலவும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஸ்கேன் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய தமிழ் அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உண்டு.

நம் தலைப்புக்கு மூன்று வகைச் சான்றுகளாவது வேண்டும். முதலாவது அரசின் குரல்: ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்து 1880இல் வெளிவந்த பஞ்ச ஆணைய அறிக்கை. இரண்டாவது அரசை விமர்சித்தவர்களின் குரல்: அப்போது சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாறு. மூன்றாவது பசியோடு இருந்தவர்களுக்குப் பக்கத்திலிருந்து வந்த குரல்: பஞ்சக் கும்மிப் பாடல்கள். மூன்றாவது வகையைத் தமிழ் படிக்கத் தெரிந்த மாணவரால்தான் பயன்படுத்த முடியும். ஆங்கில நூல்களை மட்டும் பார்த்து எழுதும் ஆய்வாளருக்கு வாய்க்காத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு கவனம்: கும்மி சொல்லும் விலைவாசியை அப்படியே புள்ளிவிவரமாக்கக் கூடாது, மக்கள் அந்தப் பஞ்சத்தை எப்படி உணர்ந்தார்கள், யாரைக் குற்றம் சொன்னார்கள் என்பதற்கு அது முதல்தரச் சான்று.

எதைப் படித்தாலும் மூன்று கேள்விகளைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். சொல்பவர் யார்? யாருக்காகச் சொல்கிறார்? அவருக்கு இதில் என்ன அக்கறை? டிக்பி நிவாரணக் குழுவின் செயலாளராகவும் இருந்தவர், அதனால் நிறைய நேரில் அறிந்தவர். அதே காரணத்தால் ஒரு பக்கம் சாய்ந்தும் இருக்கலாம். டெம்பிளுக்கும் ஒரு பின்கதை உண்டு. 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது தாராளமாகச் செலவழித்து, மிகக் குறைந்த சாவுகளோடு சமாளித்தவர் அவரே. அந்தச் செலவுக்காக அரசு வட்டாரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவர், அடுத்த பஞ்சத்தில் சிக்கனத்தின் பக்கம் போனார். இது தெரிந்தால் 'டெம்பிள் இரக்கமற்றவர்' என்ற எளிய வரியை எழுத உங்கள் கை கூசும். கட்டுரை ஆழம் பெறுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

எண்களிடம் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். இந்தப் பஞ்சத்தைப் பற்றி இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும் ஓர் எண், அப்போது இங்கிலாந்துக்கு 3,20,000 டன் கோதுமை ஏற்றுமதியானது என்பது. படித்தவுடன் ரத்தம் கொதிக்கும், உடனே கட்டுரையில் சேர்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சென்னை மாகாணத்து மக்கள் தின்றது கேழ்வரகு, சோளம், கம்பு, அரிசி. கோதுமை வடக்கே விளைவது. அப்படியானால் அந்த எண் இந்தியா முழுவதற்குமான ஏற்றுமதிக் கொள்கையைக் காட்டுகிறதே தவிர, சேலத்தில் ஒருவர் பட்டினி கிடந்ததற்கு நேரடிச் சான்று ஆகாது. அதே காலத்தில் வங்கத்திலிருந்து கப்பலில் தானியம் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து குவிந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிக்கல் தானியம் இல்லாததில் மட்டும் இல்லை, அதை வாங்க மக்களிடம் காசு இல்லாததிலும் இருந்தது என்ற வலுவான வாதம் கிடைக்கும். அமர்த்தியா சென் 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து முன்வைத்த கோட்பாடும் இந்தத் திசையில்தான் போகிறது. ஓர் எண்ணைச் சந்தேகித்ததால் ஒரு வாதம் கிடைத்தது, பாருங்கள்.

குறிப்பெடுப்பது பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொரு குறிப்புக்கும் பக்க எண் எழுதுங்கள். நூலின் சொற்களை அப்படியே எடுத்தால் அந்த நிமிடமே மேற்கோள் குறி போடுங்கள், உங்கள் சொற்களில் எழுதினால் குறி வேண்டாம். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் மூன்று வாரம் கழித்து எது உங்கள் வாக்கியம், எது அவருடையது என்றே தெரியாது. தெரியாமல் நேரும் கருத்துத் திருட்டு பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது.

மூன்றாம் படி: ஒற்றை வாக்கியத்தில் பதில்

படித்து முடித்ததும் புத்தகங்களை மூடிவிட்டு, சுருக்கிய கேள்விக்கு உங்கள் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். உதாரணமாக: 'கூலிக் குறைப்பு சாவுகளுக்கு ஒரே காரணம் அல்ல, ஆனால் ஏற்கெனவே தளர்ந்திருந்த கூலி மக்களின் உடலை மேலும் நலித்து, அடுத்து வந்த காலராவையும் மலேரியாவையும் தாங்க முடியாதவர்களாக ஆக்கியது.'

இதுதான் மையக் கருத்து. இதை மூன்று வகையில் சோதியுங்கள். படித்த ஒருவர் இதை மறுக்க முடியுமா? முடியும்: குறைந்த கூலி நீடித்ததே சில மாதங்கள்தான், அதன் பிறகும் மக்கள் பெருமளவில் செத்தார்களே என்று கேட்கலாம். உங்களிடம் உள்ள சான்று இதைத் தாங்குமா? வேலைத்தளங்களிலிருந்தும் முகாம்களிலிருந்தும் வந்த மருத்துவ அறிக்கைகளைத் தேடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சான்று வேறு பக்கம் இழுத்தால் வாக்கியத்தை மாற்றுங்கள், சான்றை வளைக்காதீர்கள். கடைசியாக, கேட்ட கேள்விக்கு இது பதிலா? 'எவ்வளவு தூரம்' என்று கேட்டதற்கு 'ஒரே காரணம் அல்ல, ஆனால்' என்று அளவிட்டுச் சொல்கிறது. ஆம்.

நான்காம் படி: வரைவுச் சட்டகம்

'முன்னுரை, காரணங்கள், விளைவுகள், முடிவுரை' என்று ஒற்றைச் சொற்களில் சட்டகம் போடாதீர்கள். ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்லப் போகிறது என்பதை முழு வாக்கியமாக எழுதுங்கள். நம் கட்டுரைக்கு இப்படி வரும்:

1876இல் பருவமழை பொய்த்ததால் கூலி வேலையும் விளைச்சலும் ஒருசேர அற்றுப்போயின. தொடக்கத்தில் மதராஸ் அரசு தானே தானியம் வாங்க முனைந்தது. தனியார் வாணிபத்தில் தலையிடக் கூடாது என்று வைஸ்ராய் அரசு அதை நிறுத்தியது. டெம்பிள் கொண்டுவந்த கூலி, செய்த வேலைக்கு வேண்டிய உணவைத் தரவில்லை என்பது கார்னிஷின் வாதம். அந்தக் கூலி மார்ச்சிலேயே உயர்ந்துவிட்டது என்பதால் அதன் தாக்கம் சிறிது என்று வாதிட இடமுண்டு. ஆயினும் நலிந்த உடல் சில வாரங்களில் தேறிவிடாது. நோய்ச்சாவுகளைக் கூலியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

இந்த ஏழு வாக்கியங்களையும் வரிசையாக வாசித்தால் ஒரு பேச்சு போல ஓடுகிறதா என்று பாருங்கள். எங்காவது இடறினால் அங்கே ஒரு பத்தி குறைகிறது, அல்லது இடம் மாறியிருக்கிறது. எதிர்வாதத்துக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருப்பதையும் கவனியுங்கள். எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிட்டுப் பதில் தந்தால்தான் உங்கள் வாதத்தை வாசகர் நம்புவார்.

ஐந்தாம் படி: பத்தி எழுதுவது

முதல் வரைவை முன்னுரையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. உங்களுக்கு மிகத் தெளிவாக இருக்கும் பத்தியை முதலில் எழுதுங்கள்.

மாணவர் கட்டுரைகளில் வழக்கமாக வரும் ஒரு பத்தி இது:

'தாது வருடப் பஞ்சம் மிகக் கொடிய பஞ்சமாகும். இதில் சேலம் மாவட்டம் மிகவும் பாதிக்கப்பட்டது என்றால் அது மிகையாகாது. லட்சக்கணக்கான மக்கள் உயிரிழந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. மக்கள் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாயினர்.'

நான்கு வாக்கியங்கள், ஒரு சான்றுகூட இல்லை. அதையே இப்படி எழுதலாம்:

'பஞ்சத்தின் தாக்கம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறியது. மிகக் கடுமையாக அடிபட்டவற்றுள் ஒன்று சேலம். 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை, 1881இல் சுமார் 16 லட்சமாகச் சரிந்தது. இந்த 3.7 லட்சம் குறைவை அப்படியே சாவுக் கணக்காகக் கொள்ள முடியாது. இலங்கைத் தோட்டங்களுக்கும் பிற இடங்களுக்கும் பிழைக்கப் போனவர்கள் இதில் அடங்குவர். பஞ்ச ஆண்டுகளில் பிறப்புகளும் குறைந்திருக்கும். ஆனாலும் சாதாரணமாக மக்கள்தொகை கூட வேண்டிய பத்தாண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் குறைந்தது என்பது, நிவாரணம் இங்கே போதவில்லை என்பதைக் காட்டுகிறது.'

முதல் இரண்டு வாக்கியங்கள் பத்தியின் கருத்தைச் சொல்கின்றன. மூன்றாவது சான்று. நான்காவது முதல் ஆறாவது வரை உள்ளவை அந்தச் சான்றின் எல்லையை ஒப்புக்கொள்கின்றன. கடைசி வாக்கியம் கட்டுரையின் மைய வாதத்தோடு இணைக்கிறது. மதிப்பெண் பெரும்பாலும் கிடைப்பது எல்லையை ஒப்புக்கொள்ளும் அந்த மூன்று வாக்கியங்களுக்குத்தான், ஏனென்றால் அங்கேதான் நீங்கள் சிந்திப்பது தெரிகிறது. எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டால் அது வெறும் எண்.

மொத்தச் சாவு எண்ணிக்கைக்கும் இதே கவனம் வேண்டும். ஐம்பது லட்சத்தைத் தாண்டிய கணக்கிலிருந்து ஒரு கோடியை நெருங்கும் கணக்குவரை நூல்களில் காண்பீர்கள். எண் சென்னை மாகாணத்துக்கு மட்டுமா, மைசூரும் பம்பாயும் ஹைதராபாத்தும் சேர்த்தா என்று பார்த்து, அதையும் கட்டுரையில் சொல்லுங்கள்.

நடையைப் பொறுத்தவரை ஒரு வேண்டுகோள்: 'என்றால் அது மிகையாகாது', 'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்பதில் எள்ளளவும் ஐயமில்லை' ஆகிய மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். மேடைக்கு அவை பொருந்தலாம். கட்டுரையில் சான்று இருக்க வேண்டிய இடத்தை அவை அடைத்துக்கொள்கின்றன. 'டெம்பிளால் கூலி குறைக்கப்பட்டது' என்பதைவிட 'டெம்பிள் கூலியைக் குறைத்தார்' என்பது தெளிவு. யார் செய்தார் என்பதே கேள்வியாக இருக்கும் ஒரு தலைப்பில், செய்தவரை மறைக்கும் வாக்கியங்கள் வாதத்தையே கெடுத்துவிடும்.

ஆங்கில மூலத்தை மேற்கோள் காட்டினால் தமிழில் தாருங்கள். மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று அடிக்குறிப்பில் சொல்லுங்கள். பவுண்டு, அணா போன்ற பழைய அளவுகளை மூலத்தில் உள்ளபடி தந்து இன்றைய அளவையும் சேருங்கள். தாது வருடம் என்று எழுதினால் அது 1876 ஏப்ரல் முதல் 1877 ஏப்ரல் வரை என்பதை ஒருமுறை சொல்லிவிடுங்கள். பஞ்சமோ அடுத்த ஈஸ்வர வருடத்திலும் நீண்டது. பெயரை மட்டும் நம்பினால் காலக்கணக்கு பிசகும்.

ஆறாம் படி: முன்னுரையும் முடிவும்

உடல் பகுதி முடிந்த பின் முன்னுரைக்கு வாருங்கள். 'உணவு மனிதனின் அடிப்படைத் தேவை' என்று தொடங்காதீர்கள், அது எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். இந்தத் தலைப்புக்கே உரிய ஒன்றைத் தேடுங்கள். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே தொடங்கி, வேலைக்குக் கூலி எவ்வளவு என்ற தகராறுக்கு நகர்ந்து, உங்கள் கேள்வியையும் ஒற்றை வாக்கியப் பதிலையும் சொன்னால் முன்னுரை முடிந்தது. எட்டுப் பத்து வரி போதும்.

முடிவுப் பத்தியில் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டாம். உங்கள் பதிலால் அடுத்து என்ன விளங்குகிறது என்று ஓரடி முன்னே போங்கள். இங்கே 1880 ஆணைய அறிக்கையைத் தொடர்ந்து 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானது. கூலிச் சண்டை அந்த விதிகளில் எந்த அளவுக்கு எதிரொலித்தது என்று சுட்டி நிறுத்தலாம். புதிய சான்றை அங்கே கொண்டுவந்து கொட்ட வேண்டாம்.

ஏழாம் படி: மேற்கோள் முறை, திருத்தம்

எந்த முறை என்பதைத் துறையில் கேளுங்கள். வரலாற்றில் பெரும்பாலும் சிகாகோ பாணி அடிக்குறிப்பு, இலக்கியத்தில் எம்எல்ஏ, சமூக அறிவியலில் ஏபிஏ. எதுவானாலும் கடைசிவரை ஒன்றையே பின்பற்றுங்கள். தமிழ்ப் பெயர்களில் முன்னால் வருவது தலைப்பெழுத்து, குடும்பப் பெயர் அல்ல. அதனால் நூற்பட்டியலை இயற்பெயரின் அகர வரிசையில் அடுக்குங்கள்.

கருத்துத் திருட்டு பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகள், ஆய்வேடுகளில் 10 விழுக்காடுவரை உள்ள ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. இதைப் பத்து விழுக்காடு நகலெடுக்க அனுமதி என்று படிக்கக் கூடாது. மூலம் சொல்லாமல் எடுத்த ஒரு வாக்கியமும் தவறுதான். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் நூல் பெயரையும் பக்க எண்ணையும் நூலைத் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள். இல்லாத நூலை இருப்பதுபோல அவை சொல்வதுண்டு.

திருத்தத்தை இரண்டு முறையாகச் செய்யுங்கள். முதல் முறை பிழைகளைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வாசித்து, வாதம் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடராத பத்தியை, எவ்வளவு உழைத்து எழுதியிருந்தாலும், வெட்டிவிடுங்கள். ஒருநாள் இடைவெளி விட்டு இரண்டாம் முறை வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். வல்லினம் மிகும் இடங்கள், ஒருமை பன்மை, பெயர்களின் எழுத்து இவற்றை அப்போது பாருங்கள். ஒரு பக்கத்தில் 'டெம்பிள்', இன்னொரு பக்கத்தில் 'டெம்புள்' என்று இருக்கக் கூடாது. எண்களையும் ஆண்டுகளையும் நினைவிலிருந்து சரிபார்க்க வேண்டாம்; குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள்.

தாள் திருத்தப்பட்டு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் வைக்காதீர்கள். ஆசிரியர் கோடு போட்ட ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு போய், 'ஐயா, இந்த இடத்தில் என்ன சான்று இருந்திருக்க வேண்டும்?' என்று கேளுங்கள். 'ஏன் மதிப்பெண் குறைந்தது' என்று கேட்டால் விளக்கம் கிடைக்கும். இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு நூலின் பெயர் கிடைக்கும்.